ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி: வயதைக் கேட்பதற்கு முன் நான் கேட்பவை

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி வருகிற காய்ச்சல்தான் எனக்குப் பெரிய பயம். நெஞ்சு நோய்ப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாகத் தடுப்பூசி அறையில் இருக்கிறேன். அந்த 22 ஆண்டுகளில் இந்த இரண்டாவது காய்ச்சலை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஃப்ளூ என்று படுத்தவர் நான்காம் நாள் எழுந்து உட்காருவார், பசிக்கிறது என்பார், வீட்டார் முகத்தில் தெளிவு வரும். ஆறாம் நாள் குளிர் நடுக்கம். துரு நிறத்தில் சளி. மூச்சை இழுத்தால் விலாவில் குத்து. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரியும்.

ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைச் சிதைத்துவிடுகிறது. தூசியையும் கிருமியையும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய இழைகள் அத்தோடு செயலிழந்து போகின்றன. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தொல்லை தராமல் ஒட்டிக்கொண்டிருந்த நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, காவல் இல்லாத அந்த வழியாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. 1918-ஆம் ஆண்டின் ஃப்ளூ கொள்ளைநோயில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று கண்டார்கள். ஃப்ளூ ஊசியையும் நியூமோகாக்கஸுக்கான நிமோனியா ஊசியையும் நாங்கள் சேர்த்தே பேசுவதற்குக் காரணம் அதுதான்.

சேர்த்துப் பேசினாலும் இரண்டும் ஒன்றல்ல. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியது. நிமோனியா ஊசி பெரியவர்களில் பலருக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும். ஒன்றைப் போட்டுக்கொண்டு, மற்றதற்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களை வாரம் ஒருவரையாவது சந்திக்கிறேன்.

என் எதிர் நாற்காலியில் உட்காருபவர் பெரும்பாலும் வயதில்தான் தொடங்குவார். “சிஸ்டர், எனக்கு 47தான் ஆகிறது. இது வயதானவர்களுக்கான ஊசிதானே?” வயதுக்குப் பிறகு வருவோம் என்று சொல்லிவிட்டு நான் வேறு கேள்விகளைக் கேட்பேன். நீங்கள் வீட்டிலிருந்தபடியே அவற்றை உங்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பதில்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?

“ஏதாவது நோய் இருக்கிறதா?” என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை அவர்கள். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு, அளவையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் தம்மை நோயாளி என்று நினைப்பதே இல்லை. ஆகவே மாத்திரை அட்டைகளைக் கேட்பேன். உண்மை அந்த அட்டைகளில் இருக்கும்.

சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, இதயத் தசை நோய், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நாட்பட்ட கல்லீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு அல்லது டயாலிசிஸ். இவற்றில் ஒன்று இருந்தால் வயது 30 ஆனாலும் இரண்டு ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டியவர் நீங்கள். தினமும் இன்ஹேலர் எடுக்கும் ஆஸ்துமாக்காரருக்கு ஃப்ளூ ஊசி கட்டாயம் தேவை. நிமோனியா ஊசியைச் சில நாடுகள் எல்லா ஆஸ்துமாவுக்கும், சில நாடுகள் கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும் பரிந்துரைக்கின்றன. இரத்த அழுத்த மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர் என்றால், அது தனியாக நிமோனியா ஊசிக்குக் காரணமாகாது.

இதய நோயாளிகளிடம் நான் கொஞ்சம் அதிக நேரம் பேசுவேன். ஃப்ளூவை நெஞ்சுச் சளியோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாள்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாள்களைவிடச் சுமார் ஆறு மடங்கு இருந்ததைக் காட்டியது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் நடைப்பயிற்சியை எவ்வளவு கவனமாகச் செய்கிறாரோ, அதே கவனத்தோடு ஆண்டுக்கு ஒருமுறை தோளையும் நீட்டவேண்டும்.

அடுத்த கூட்டம், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ நீண்ட நாளாக ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு ஊசி மிகவும் தேவை, ஆனால் அவர்கள் உடலில் அது வேலை செய்வது குறைவு. அதனால் போடும் காலம் முக்கியம். சிகிச்சை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிட முடிந்தால் நல்லது. சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் எந்த இடைவெளியில் போடலாம் என்பதை அந்த மருத்துவரே சொல்லவேண்டும். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருப்பதால், அது இவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. ஊசியாகப் போடப்படுவதில் உயிருள்ள வைரஸ் கிடையாது.

மருந்துப் பட்டியலில் வராத இரண்டையும் கேட்டுவிடுவேன். புகைக்கிறீர்களா? அளவு மீறிக் குடிக்கிறீர்களா? கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை. இரண்டும் நிமோனியா ஊசிக்குத் தகுதியான காரணங்களாகப் பல வழிகாட்டுதல்களில் இருக்கின்றன. திட்டு விழும் என்று பயந்து மறைப்பவருக்கு அந்த ஊசி கிடைக்காமலே போய்விடும்.

உங்கள் உடலிலிருந்து எதையாவது எடுத்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியை என் அண்ணனால்தான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

அண்ணனுக்கு 19 வயதில் ஒரு விபத்து. மண்ணீரல் கிழிந்து, உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தடுப்பூசி பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாள்களும் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டன. நான் அப்போது பள்ளி மாணவி. பிறகு செவிலியரானேன், ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி போட்டேன். அண்ணன் வயிற்றிலிருந்த தழும்பை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. காலையில் எழுப்பினால் சரியாகப் பதில் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கால் விரல்கள் கறுத்திருந்தன. இரத்தப் பரிசோதனையில் வளர்ந்தது நியூமோகாக்கஸ். 17 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிழைத்தார். வலது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

நியூமோகாக்கஸ் தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரைப் பூச்சைப் போர்த்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக மாறலாம், இந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் தொடரும். அறுவை எப்போதோ நடந்தது, இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரிவாள் செல் நோய் என்ற இரத்த நோயில் மண்ணீரல் உடலுக்குள் இருந்தும் வேலை செய்யாமல் போகிறது. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ளவர்களில் பலருக்கு அதை எடுத்திருப்பார்கள். திட்டமிட்டு எடுப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும். அவசரத்தில் எடுத்திருந்தால் எப்போது போடலாம் என்று வீடு திரும்பும் முன்பே கேளுங்கள். இவர்களுக்கு மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற வேறு இரண்டு பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளும் வேண்டும். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காது கேட்பதற்காக உள்காதில் காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர்களும், மூளையைச் சூழ்ந்த திரவம் கசியும் நிலை உள்ளவர்களும் நிமோனியா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாதை வழியாக இதே பாக்டீரியா மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடும். நிமோனியா ஊசி என்று நாம் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும், அது தடுப்பது நியூமோகாக்கஸ் உண்டாக்கும் நிமோனியா, மூளைக்காய்ச்சல், இரத்தத் தொற்று ஆகியவற்றை. வைரஸாலும் வேறு பாக்டீரியாவாலும் வரும் நிமோனியாவை அது தடுக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் பின்னால் வேறு நிமோனியா வந்தவர், ஊசியே ஏமாற்று என்று ஊரெல்லாம் சொல்லுவார்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்தக் குழந்தையைக் காப்பாற்ற இரண்டு வழிகள் இருக்கின்றன. தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொள்வது ஒன்று. எந்த மாதமானாலும் போடலாம். தாயிடம் உருவாகும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் சில மாதங்களுக்குத் துணை நிற்கும். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ வந்தால் தாய்க்கே அது கடுமையாகும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது வழி, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் தந்தையும் தாத்தாவும் பாட்டியும் போட்டுக்கொள்வது. கீமோதெரபி எடுப்பவர் வீட்டில் இருந்தாலும் அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசி பரிந்துரைக்கப்படுவோர் பட்டியலில் வைத்திருக்கிறது. எட்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு முதன்முறையாகப் போடும்போது, நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தவணை பரிந்துரைப்பது வழக்கம். முதல் தவணை உடலுக்கு வைரஸை அறிமுகம் செய்கிறது, இரண்டாவதுதான் பாதுகாப்பை உறுதியாக்குகிறது. பல பெற்றோர் இரண்டாவதற்கு வருவதில்லை.

நிமோனியா ஊசி பல நாடுகளில் கைக்குழந்தைகளின் வழக்கமான அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறு வாரத்திலோ இரண்டு மாதத்திலோ தொடங்கும். நியூமோகாக்கஸ் மிக எளிதாகக் குடியிருப்பது சிறு குழந்தைகளின் மூக்கில்தான், அங்கிருந்துதான் அது பெரும்பாலும் தாத்தா பாட்டிகளுக்குப் போகிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியபோது, ஊசியே போட்டுக்கொள்ளாத முதியவர்களிடமும் அந்த வகைக் கிருமிகளின் கடும் நோய் குறைந்தது. பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியின் நுரையீரலையும் காக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் வேலைமீது எனக்கு ஆசை கூடுகிறது.

இப்போது வயது

65 தாண்டிவிட்டால், வேறு எந்த நோயும் இல்லாவிட்டாலும், இரண்டு ஊசியும் உங்களுக்கானவை. சில நாடுகளில் 60. அமெரிக்கா 2024 அக்டோபரில் நிமோனியா ஊசிக்கான வயதை 50 ஆகக் குறைத்தது. அங்கே 2025-இல் ஃப்ளூ ஊசியை ஆறு மாதம் தாண்டிய எல்லோருக்கும் பரிந்துரைத்தார்கள். வேறு பல நாடுகள் ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் அழைக்கின்றன. உங்கள் நாட்டு அட்டவணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயது கூடக்கூட எதிர்ப்பாற்றல் மந்தமாவதால், 65 தாண்டியவர்களுக்கென்று அதிக அளவு மருந்துள்ள ஃப்ளூ ஊசியும், துணைப்பொருள் சேர்த்து வீரியம் கூட்டிய ஃப்ளூ ஊசியும் இருக்கின்றன. கிடைக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் சாதாரண ஊசியையே போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊசி, எப்போது

நிமோனியா ஊசியின் பெயரில் ஓர் எண் இருக்கும். பி.சி.வி. 13, பி.சி.வி. 15, பி.சி.வி. 20, பி.சி.வி. 21, பி.பி.எஸ்.வி. 23 என்று. நியூமோகாக்கஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் எத்தனை வகைகளுக்கு எதிராக அந்த ஊசி தயாரிக்கப்பட்டது என்பதுதான் அந்த எண். எண் பெரியதானால் ஊசி சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 23 என்பது வெறும் சர்க்கரைப் பூச்சை மட்டும் கொண்ட பழைய முறை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை, பெரியவர்களிடமும் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்கிறது. பி.சி.வி. வரிசையில் அந்தச் சர்க்கரைப் பூச்சை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். உடல் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது.

முன்பு எதுவும் போடாத பெரியவருக்கு 20 அல்லது 21 போட்டால் பொதுவாக அத்தோடு முடிந்தது. 13 அல்லது 15 போட்டால் ஓராண்டு கழித்து 23 போடுவது வழக்கம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு எட்டு வாரத்திலேயே போடலாம். முன்பு 23 மட்டும் போட்டிருந்தால், ஓராண்டு கழித்து பி.சி.வி. ஒன்று. “ஒருமுறை நிமோனியா வந்து போய்விட்டது, இனி எதற்கு?” என்று கேட்பவர்களுக்கும் பதில் அந்த நூறு வகைகளில்தான் இருக்கிறது. வந்துபோனது ஒன்றே ஒன்று.

ஃப்ளூ ஊசியின் பெயரில் எண்ணுக்குப் பதில் ஆண்டைப் பாருங்கள். வைரஸ் தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைச் சேர்க்கவேண்டும் என்று சொல்கிறது. போன ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். எனவே உங்கள் பகுதியில் ஃப்ளூ பரவத் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தவறிவிட்டால், பரவல் ஓயாதவரை தாமதமாகப் போடுவதிலும் பயனுண்டு.

ஃப்ளூ ஊசி முழுக் கவசம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பரவும் வகையோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை அது 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் இன்னும் குறைவு. ஆண்டுதோறும் ஃப்ளூ சார்ந்த மூச்சு நோய்களால் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அந்தக் கணக்குக்கு முன் பாதி காப்பும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. போட்டுக்கொண்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு நோய் தீவிரமாவது குறைவு. ஆபத்துள்ளவராக இருந்தால், ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் தொடங்கியதும் மருத்துவரிடம் போங்கள். ஃப்ளூவுக்கான மருந்து முதல் இரண்டு நாள்களில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

ஊசி போடும் நாள்

தோள்வரை எளிதில் சுருட்டக்கூடிய சட்டை போட்டு வாருங்கள். இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில் வெவ்வேறு கைகளில் போடலாம். இலேசான சளி இருந்தால் தடையில்லை. நல்ல காய்ச்சலோ கடும் நோயோ இருந்தால் தேறிய பிறகு போடலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடிப்போம். முட்டை ஒவ்வாமை பற்றிய பழைய எச்சரிக்கைகள் இப்போது வெகுவாகத் தளர்ந்துவிட்டன. முட்டையே இல்லாமல் தயாராகும் ஃப்ளூ ஊசிகளும் உண்டு. முன்பு இதே ஊசிக்கு மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் கண்டிப்பாக மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. கியான் பாரே என்ற நரம்பு நோய் முன்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஃப்ளூ ஊசிக்குப் பிறகு அது வருவது பத்து லட்சம் தவணைக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் மிக அரிது.

போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். கை வலிக்கும், சிலருக்கு உடல்வலியும் இலேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கும். “ஊசி போட்டதால்தான் எனக்கு ஃப்ளூவே வந்தது” என்று அடுத்த வாரம் கோபத்தோடு வருபவர்களிடம் நான் வாதாடுவதில்லை. உட்காரவைத்து, ஊசியில் இருந்த வைரஸ் செத்தது என்பதையும், பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும் என்பதையும், அந்தப் பருவத்தில் சளி உண்டாக்கும் வேறு பல வைரஸ்களும் சுற்றுகின்றன என்பதையும் சொல்வேன். பெரும்பாலானோர் அடுத்த ஆண்டும் வருகிறார்கள்.

எழுந்து போகும் முன் ஊசியின் பெயர், எண், தேதி, தொகுதி எண் நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். “ஏதோ ஒரு நிமோனியா ஊசி, ஏதோ ஒரு வருஷம்” என்று வருபவருக்கு அடுத்து என்ன போடுவது என்று முடிவெடுப்பதுதான் எங்களுக்கு மிகச் சிரமம். என் அண்ணனின் பணப்பையில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. முதல் வரியில் “எனக்கு மண்ணீரல் இல்லை” என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதன்கீழே போட்ட ஊசிகளும் தேதிகளும். கடைசி வரியில் அடுத்த ஃப்ளூ ஊசிக்கான மாதம் இருக்கிறது. அதை மட்டும் பென்சிலில் எழுதி, ஆண்டுதோறும் அழித்து மாற்றுகிறேன்.